5 மில்லிகிராம் பாக்லிடாக்சலில் மூளைக்குப் போவது எவ்வளவு?

ஜனவரி பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் எம்.பார்ம், பயோடெக் மாணவர்களுக்குப் புராஜெக்ட் காய்ச்சல் தொடங்கிவிடும். மூளைப் புற்றுக்கு நானோ துகளில் மருந்து அனுப்புவது என்று தலைப்பு எடுத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு.

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை 1949-ல் தொடங்கியது இதே வேலூரில், சி.எம்.சி.யில், டாக்டர் ஜேக்கப் சாண்டியின் தலைமையில். இன்றைக்கும் எம்.ஆர்.ஐ. உறையோடு நடக்கும் குடும்பங்களைப் பார்க்காமல் ஐடா ஸ்கடர் சாலையைக் கடக்க முடியாது. அந்த ரிப்போர்ட்டில் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றின் பெயர் இருந்தால், 2005-லிருந்து அடிப்படைச் சிகிச்சை ஒன்றுதான்: முடிந்த அளவு கட்டியை எடுப்பது, 30 தவணையில் 60 கிரே கதிர்வீச்சு, அந்த நாட்களில் தினமும் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலோமைடு என்ற மருந்து, அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை 5 நாள் 150 முதல் 200 மி.கி. வீதம். இதை நிறுவிய ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. கூடியது இரண்டரை மாதம். இந்தத் தலைப்பைத் தொடுகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

பதிவு முழுக்க ஒரே கணக்குதான். அளந்து எடுத்த 5 மி.கி. பாக்லிடாக்சல் என்ற புற்றுமருந்து எந்தப் படியில் எவ்வளவு குறைகிறது என்று கூடவே போய்ப் பார்ப்போம். புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் முதலில் காணாமல் போவது இந்தக் கணக்குதான்.

மூளையின் நுண் இரத்தக்குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். அத்தனை நீளத்துக்கும் உட்சுவர் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டித் தைத்தமாதிரி இருக்கின்றன. இரத்த-மூளைத் தடுப்பு என்பது இதுதான். வகுப்பில் வேலூர்க் கோட்டையை உவமை சொல்வார்கள். அகழியும் மதிலும் பொருந்தும். ஆனால் கோட்டையை ஒருமுறை கடந்தால் உள்ளே போனமாதிரி. இங்கே சுவருக்குள் நுழைந்த மருந்தைப் பிடித்து மறுபடியும் இரத்தத்துக்கே தள்ளிவிடும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பும் இருக்கிறது. பாக்லிடாக்சலின் மூலக்கூறு எடை 854 டால்டன். சும்மா ஊடுருவிப் போக 400, 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். அளவும் பெரிது, பம்புக்கும் பிடித்தமான சரக்கு. வளர்ப்புத் தட்டில் கிளியோமா செல்களை நானோமோலார் செறிவிலேயே கொல்லும் மருந்து, ஊசியில் போட்டால் மூளைக்கு எட்டாமல் போவது இதனால்தான்.

மருந்துத் தேர்வில்தான் பாதி புராஜெக்ட் தோற்கிறது. பலரும் டெமோசோலோமைடை எடுக்கிறார்கள், மூளைப் புற்று மருந்து என்ற பெயருக்காக. வேண்டாம். அது 194 டால்டன். தானாகவே தடுப்பைக் கடக்கும். பி.எச். 7.4-ல் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி சிதைந்துவிடும். நீரிலும் ஓரளவு கரையும் என்பதால், பாலிமருக்குள் தங்காமல் தயாரிக்கும்போதே வெளியே ஓடிவிடும். டாக்சோரூபிசின் ஹைட்ரோகுளோரைடு என்ற இன்னொரு புற்றுமருந்தும் நீரில் கரைவது. அதற்கு நீர்-எண்ணெய்-நீர் இரட்டைக் குழம்பு முறை வேண்டும், அல்லது ட்ரைஎத்திலமின் சேர்த்து உப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். பாக்லிடாக்சல் நீரில் ஒரு மி.லி.க்கு ஒரு மைக்ரோகிராம்கூடக் கரையாது. அதனால் பாலிமரோடு ஒட்டிக்கொள்ளும். அதே குணம் இன்னொரு இடத்தில் காலை வாரும். அதற்குப் பிறகு வருவோம்.

துகளைச் செய்யும் பாலிமர் பி.எல்.ஜி.ஏ., அதாவது லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்த பொருள், இரண்டின் விகிதம் 50:50, எடை 24,000 முதல் 38,000 டால்டன் வரை. உடலில் நீர் பட்டே அறுந்து, சில வாரங்களில் லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் மாறி, கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகப் போய்விடும். 1989-லேயே லியூப்ரோலைடு ஊசியில் அமெரிக்க அனுமதி பெற்ற பொருள். இதில் செய்யும் துகள் ஆற்காடு மக்கன் பேடா மாதிரி நடுவில் பூரணம் வைத்தது என்று பலர் படம் போடுகிறார்கள். பூரணம் வைத்த அமைப்புக்கு நானோ கேப்ஸ்யூல் என்று பெயர், அதைச் செய்ய எண்ணெய் வேண்டும். கீழே வரும் முறையில் கிடைப்பது, ரவை கேசரியில் நெய் விரவியதுபோலத் துகள் முழுக்க மருந்து பரவிய உருண்டை. படத்தைச் சரியாகப் போடுங்கள், வைவாவில் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

பாலிமர் பாட்டிலை மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்தவுடன் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது 45 நிமிடம், மூடியோடு வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே பனியாகப் படியும். பி.எல்.ஜி.ஏ.வை அறுப்பதே நீர்தான். நாலு முறை இப்படித் திறந்த பாட்டில் லேபிளில் போட்டிருக்கும் மூலக்கூறு எடையில் இருக்காது.

செய்முறை. 100 மி.கி. பி.எல்.ஜி.ஏ., 5 மி.கி. பாக்லிடாக்சல், இரண்டும் 10 மி.லி. அசிட்டோனில். பாக்லிடாக்சல் செல்லைக் கொல்லும் மருந்து என்பதால் பொடியாக அள்ளி நிறுக்காதீர்கள். வாங்கிய குப்பியிலேயே அசிட்டோன் விட்டு மி.லி.க்கு 1 மி.கி. கரைசலாக்கி, வேண்டியதை அளந்து எடுங்கள். இரட்டைக் கையுறை, ஃபியூம் ஹூட் இரண்டும் கட்டாயம். இன்னொரு பீக்கரில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும் பொலாக்சமர் 188, நீரில் 1 சதவீதம், 20 மி.லி. காந்தக் கலக்கியை 600 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டு, அசிட்டோன் கரைசலை 26 கேஜ் ஊசியால், முனை நீருக்குள் மூழ்கியிருக்க, நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் நீல வெள்ளையாக, நீர்மோர் போல மங்கலாக வர வேண்டும். தயிர் திரிந்ததுபோல் திப்பி வந்தால் பாலிமர் செறிவு அதிகம், அல்லது ஊசி நீருக்கு வெளியே இருந்திருக்கிறது. நாலு மணி நேரம் ஹூட்டில் மூடாமல் கலக்கினால் அசிட்டோன் பெரும்பாலும் போய்விடும். எச்சம் 5,000 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும்.

பொலாக்சமருக்குப் பதிலாக பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) போட்டால் துகள் அளவு அழகாக வரும். ஆனால் எத்தனை முறை கழுவினாலும் ஒரு பங்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு போடும் பூச்சைத் தடுக்கும். மூளைக்குப் போகும் துகளுக்குப் பொலாக்சமர்தான் நல்லது.

டைகுளோரோமீத்தேனில் குழம்பாக்கிச் செய்யும் முறையும் உண்டு. அதன் கொதிநிலை 40 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏ.சி. இல்லாத லேபில் மே மாதம் இந்தக் கரைப்பானை அளந்து வைத்து, ஒலி அலையால் குழம்பாக்கும் சோனிகேட்டரை டியூன் செய்து திரும்புவதற்குள் கால்வாசி ஆவியாகியிருக்கும். கரைசல் கெட்டிப்பட்டுத் துகள் இரட்டிப்பு அளவில் வரும். அதே செய்முறை ஜனவரியில் 180 நானோமீட்டர், மேயில் 350 என்று வந்தால் முதலில் அறையின் வெப்பத்தைக் குறித்துவைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சோனிகேட்டர் முனையும் சூடேற்றும். ஐஸ் நிறைந்த பீக்கரில் வைத்து, 10 நொடி ஓட்டி 5 நொடி நிறுத்த வேண்டும். பி.எல்.ஜி.ஏ. இளகும் வெப்பநிலை 45 முதல் 50 டிகிரி. நீர் ஏறிய துகளில் அது இன்னும் கீழே இறங்கும். சூடான அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த துகள்கள் காலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பது அதனால்தான்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாலாற்றுப் படுகையின் போர் தண்ணீரில் உப்பு அதிகம், பராமரிப்பில்லாத ஆர்.ஓ. வழியாக வந்தாலும் மிச்சம் இருக்கும். உப்பு முழுக்க நீக்கிய 18.2 மெகாஓம் தண்ணீர் மட்டும். பழைய ஃபில்டரில் வளர்ந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நஞ்சு ஆட்டோகிளேவில் சாகாது. ஊசியில் எலிக்குப் போனால் வரும் காய்ச்சலையும் அழற்சியையும் உங்கள் துகளின் பக்கவிளைவு என்று எழுதிவிடுவீர்கள்.

இப்போது காலை வாரும் இடம். துகளுக்குள் போகாத பாக்லிடாக்சல் நீரில் கரைந்து நிற்காது. ஊசி ஊசியாகப் படிகமாகும். சென்ட்ரிஃபியூஜில் போட்டால் துகளோடு சேர்ந்து அடியில் உட்காரும். மேல்தண்ணீரில் மருந்து இல்லை, ஆகவே 98 சதவீதம் உள்ளே போய்விட்டது என்று மறைமுக முறையில் எழுதுகிற எண் எல்லாம் இப்படி வந்ததுதான். முதலில் 0.45 மைக்ரான் ஃபில்டரில் படிகத்தை எடுத்துவிடுங்கள், ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பிறகு துகளையே அசிட்டோநைட்ரைலில் கரைத்து, சி-18 காலம், 227 நானோமீட்டரில் எச்.பி.எல்.சி. என்ற பிரித்தளக்கும் கருவியில் பாருங்கள். இப்படி நேரடியாக அளப்பதுதான் நம்பத்தக்கது.

சென்ட்ரிஃபியூஜ் வேகத்தை ஆர்.பி.எம்.மில் மட்டும் எழுதினால் அடுத்தவர் அதைத் திரும்பச் செய்ய முடியாது. 8 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 12,000 ஆர்.பி.எம். என்பது ஏறக்குறைய 12,900 ஜி. அந்த அளவில் 4 டிகிரியில் 30 நிமிடம் போதும். இன்னும் அழுத்தினால் வில்லை கல்லாகிவிடும், எவ்வளவு கலக்கினாலும் பிரியாது. இருமுறை கழுவி, 5 சதவீத ட்ரெஹலோஸ் 2 மி.லி.யில் கலைத்து, மைனஸ் 80-ல் உறையவைத்து, 48 மணி நேரம் உலரவைக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போய் வெற்றிடம் இறங்கினால் பஞ்சுபோன்ற கட்டி உருகிச் சுருங்கிவிடும். அதை மறுபடி உறையவைத்து ஒப்பேற்ற முயலாதீர்கள், அந்தத் தொகுதி போனது போனதுதான். ஃப்ரீஸ் டிரையருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். ஐப்பசி மழைக் காலத்தில் குப்பியை உடனே ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். ட்ரெஹலோஸ் ஈரத்தை இழுத்துப் பிசினாகிவிடும்.

கணக்குக்கு வருவோம். ஒரு எடுத்துக்காட்டாக, உலர்ந்த பொடி 170 மி.கி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 மி.கி. ட்ரெஹலோஸ், இதைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. மீதி 70 மி.கி. துகள். எச்.பி.எல்.சி. அதில் 2.45 மி.கி. மருந்து காட்டுகிறது. உள்ளே போனது 49 சதவீதம், துகள் எடையில் மருந்தின் பங்கு 3.5 சதவீதம். 5 மி.கி.யில் பாதிக்கு மேல் இன்னும் ஊசியில் ஏறாமலேயே போய்விட்டது. 49 என்று எழுதக் கூச்சம் வேண்டாம்.

அந்த 3.5 சதவீதத்துக்குப் பின்னால் ஒரு தலைவலி ஒளிந்திருக்கிறது. 250 கிராம் எலிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 1.25 மி.கி. மருந்து கொடுக்க, கிட்டத்தட்ட 36 மி.கி. துகள் வேண்டும். வால் சிரையில் 1.25 மி.லி.க்குள் ஏற்ற வேண்டும் என்றால் மி.லி.க்கு 29 மி.கி.; கூழ் மாதிரி இருக்கும். ஒரு தொகுதியில் இரண்டு எலிக்குக்கூட மிச்சமில்லாமல்தான் வரும். ஆறு எலி ஒரு குழு என்றால் நாலு தொகுதி செய்து, ஒவ்வொன்றையும் அளந்து, ஒன்றாகக் கலந்து, மறுபடி அளக்க வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

அளவு 100 முதல் 200 நானோமீட்டர், துகள்கள் எவ்வளவு ஒரே அளவில் இருக்கின்றன என்று காட்டும் பி.டி.ஐ. 0.2-க்குள். இதை வெறும் தண்ணீரில் அளந்துவிட்டு நிறுத்துவது பெரிய பிழை. துகள்கள் தண்ணீரில் பிரிந்து நிற்பதில் மின்னூட்டத்தின் விலக்கத்துக்கும் பங்கு உண்டு. உப்பு சேர்ந்ததும் அது மங்கிவிடும். 0.9 சதவீத சலைனிலும், 50 சதவீத சீரத்திலும், 37 டிகிரியில் அரைமணி, இரண்டு மணி, நாலு மணி என்று மறுபடி அளக்க வேண்டும். சலைனில் திரளும் துகளை ஏற்றினால் முதலில் சந்திக்கும் நுண்குழாய் நுரையீரலுடையது. அங்கே அடைத்தால் ஊசியை எடுப்பதற்குள் எலி இறந்துவிடும்.

பூச்சு. 1995-ல் ஜெர்மனியில் யோர்க் க்ராய்ட்டர் குழு, பாலிசார்பேட் 80 என்ற சோப்புப் பொருள் பூசிய துகளில் டலார்ஜின் என்ற பெப்டைடை வைத்து, இரத்தம் வழியாக மூளையில் வேலை செய்யவைத்தது. பாலிசார்பேட் தானாகக் கதவைத் திறப்பதில்லை. இரத்தத்தில் இருக்கும் அப்போலிப்போபுரோட்டீன்-ஈ வந்து அதன்மேல் படிகிறது, சுவர் செல்கள் இதைக் கொழுப்புத் துகள் என்று நினைத்து உள்ளே இழுக்கின்றன. இன்று வரை அதிகம் சோதிக்கப்பட்ட எளிய வழி இது. ஏற்றுவதற்குச் சற்று முன், கலங்கலில் 1 சதவீதம் வரும்படி பாலிசார்பேட் 80 சேர்த்து 30 நிமிடம் மெல்லக் கலக்கினால் போதும். டிரான்ஸ்ஃபெரின், ஆன்டிபாடி என்று விலை உயர்ந்த சாவிகளைத் தேடிப் போகும் முன் இதைச் சரியாகச் செய்யுங்கள். அந்தச் சாவிகளில் பிடிப்பு மிக உறுதியாக இருந்தால் துகள் சுவர் செல்லிலேயே சிக்கி நின்றுவிடும், மூளைப் பக்கம் இறங்காது.

மருந்து வெளியேறும் சோதனையில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். டயாலிசிஸ் பையில் துகளை வைத்து மெல்ல மெல்ல மருந்து வெளிவருகிறது என்று வரைபடம் போடுவார்கள். அதே பையில் துகளில்லாத மருந்தையும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதுவும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் நீங்கள் அளந்தது பையை. வெளி நீரில் 0.5 சதவீதம் ட்வீன் 80 (அதே பாலிசார்பேட் 80-தான்) போடாவிட்டால் பாக்லிடாக்சல் கரைய இடமில்லாமல் உள்ளேயே நிற்கும், அதையும் நீடித்த வெளியீடு என்று எழுதிவிடுவோம்.

எலியின் மூளையில் எவ்வளவு? 250 கிராம் எலிக்கு இரத்தம் சுமார் 16 மி.லி. மூளை சுமார் 2 கிராம். அதற்குள் இருக்கும் குழாய்களில் 2 சதவீதம் இரத்தம் என்று வைத்தாலும் 0.04 மி.லி. மருந்து முழுதும் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு மூலக்கூறுகூடத் தடுப்பைக் கடக்காமலேயே, மூளையை எடுத்து அரைத்தால் ஏற்றியதில் 0.25 சதவீதம் காட்டும். ஆகவே இதயம் வழியாகச் சலைன் விட்டு, கல்லீரல் வெளிறும்வரை இரத்தத்தைக் கழுவாமல் எடுத்த மூளை எண்ணை நம்பக் கூடாது. கழுவினாலும் சுவர் செல்லில் ஒட்டியது போகாது. அரைத்த மூளையை 13 சதவீத டெக்ஸ்ட்ரானில் கலந்து 5,400 ஜி-யில் 15 நிமிடம் சுற்றினால் நுண்குழாய்கள் அடியில் இறங்கும், மூளைத் திசு மேலே நிற்கும். மேலே இருப்பதுதான் கடந்தது.

மருந்துக்குப் பதில் கூமரின்-6 என்ற ஒளிரும் சாயத்தை வைத்து, மூளை பச்சையாக ஒளிர்கிறது என்று படம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சாயம் கொழுப்பில் கரைவது, துகளிலிருந்து கசிந்து தனியாகவே மூளைக்குள் போய்விடும். சாயத்தை மட்டும் ஏற்றிய எலி ஒன்று இல்லாவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. அதேபோல, துகளே இல்லாமல் மருந்தோடு பாலிசார்பேட் மட்டும் சேர்த்த குழு ஒன்று வேண்டும். அந்தச் சோப்புப் பொருளே பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பைத் தடுக்கக்கூடியது. வெறும் துகளும் தனி மருந்தும் கலந்த குழுவும் வேண்டும். எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்க இந்த இரண்டு குழுக்களைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அவை இல்லாமல் மற்ற எலிகளை வீணாகக் கொன்றதாகத்தான் ஆகும்.

இத்தனை கழித்தபின் 0.2 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடக் கட்டிகளுக்குப் போய்ச் சேரும் நானோ துகளே ஏற்றியதில் இடைநிலையாக 0.7 சதவீதம்தான் என்று 2016-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆனால் 1.25 மி.கி.யில் 0.2 சதவீதம் 2.5 மைக்ரோகிராம். 2 கிராம் மூளையில் பரவினால் கிராமுக்கு 1.25 மைக்ரோகிராம், ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோமோலார். தட்டில் செல்லைக் கொல்லப் போதுமான செறிவைவிட அதிகம். அதில் பெரும்பகுதி திசுவில் ஒட்டிக்கிடக்கும், கட்டற்று உலவுவது கொஞ்சம்தான். அதை வைத்துத்தான் பேச வேண்டும். இருந்தாலும், சரியாக அளந்த 0.2 தன்னளவில் மருத்துவத்துக்கு அர்த்தமுள்ள எண். அதை 12 என்று ஊதிக் காட்ட எந்தத் தேவையும் இல்லை.

கட்டி வைத்த எலியில் இன்னொரு குழி. கட்டியின் நடுவில் தடுப்பு ஏற்கெனவே ஓட்டையாகத்தான் இருக்கும், எம்.ஆர்.ஐ.க்கு முன் ஊசியில் போடும் கடோலினியம் படத்தில் பளிச்சென்று ஏறுவது அதனால். அறுவைக்குப் பிறகு நோய் திரும்புவது பெரும்பாலும் பழைய ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்குள், தடுப்பு கெடாத திசுவுக்குள் ஊர்ந்துபோன செல்களிலிருந்து. நடுக்கட்டியில் மருந்து ஏறியதைக் காட்டிவிட்டுத் தடுப்பைக் கடந்தோம் என்று எழுதக் கூடாது. ஓரத்தையும், எதிர்ப்பக்க மூளையையும் தனியாக வெட்டி அளக்க வேண்டும். சி-6 என்ற கிளியோமா செல்லை விஸ்டார் இன எலியில் வைத்தால் சில கட்டிகள் எலியின் எதிர்ப்புச் சக்தியாலேயே சுருங்கும், மருந்தின் பெயரில் வரவு வைத்துவிடாதீர்கள். ஃபிஷர் இன எலியில் எஃப்-98 என்ற கிளியோமா செல் கிடைத்தால் அதை எடுங்கள்.

மிஞ்சிய மருந்துக் கரைசல், கழுவிய நீர், முனைகள் எல்லாம் சைட்டோடாக்சிக் என்று எழுதிய மஞ்சள் பையில். சிங்கில் ஊற்ற வேண்டாம், தோல் கழிவால் பாலாறு பட்டது போதும்.

நோயாளியின் வீட்டார் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால்: மூளைக் கட்டிக்கு பி.எல்.ஜி.ஏ. நானோ துகள் மருந்து எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. உடலிலேயே கரையும் பாலிமரில் 7.7 மி.கி. கார்முஸ்டின் என்ற புற்றுமருந்து வைத்த வில்லை ஒன்று அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி பெற்றது. கட்டியை எடுத்த குழியில் அறுவை மருத்துவர் 8 வில்லைகள் வரை பதிப்பார். அது தடுப்பைக் கடப்பதில்லை, தடுப்புக்கு உள்ளேயே வைக்கப்படுகிறது. வாட்ஸாப்பில் "நானோ மருந்து" என்று யாராவது விலை சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் கொடுத்தால் இணையத்தில் அதைத் தட்டிப் பார்த்து, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கொடுக்காவிட்டால் பணம் கட்டாதீர்கள்.